மோட்டாருக்குப் பொட்டு எங்கே வைப்பது?

1. மெக்கானிக் எங்கே?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் பட்டறையைத் திறந்த முதல் நாள் உள்ளே வந்த முதல் வாடிக்கையாளர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். சுவரில் ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் என்னிடமே கேட்டார்.

"மெக்கானிக் எங்கக்கா?"

"டீக்கடைக்குத் தே ஓ குடிக்கப் போயிருக்காரு. உங்களுக்கு இன்ஜின் கோளாறா, கரண்டு கோளாறா?"

"கரண்டுதான். ஹாரன் அடிக்க மாட்டேங்குது."

"அப்ப மெக்கானிக் இங்கதான் இருக்கேன். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நான் வேலையை முடிக்கும் வரை கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஹாரன் நன்றாகவே அடித்தது. அப்படியும் என் வீட்டுக்காரர் சேகர் திரும்பி வந்ததும் அவரிடம் போய், "இது தாங்குமா பாஸ்?" என்று கேட்டார். சேகர் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்: "எனக்கு எப்படிண்ணே தெரியும்? எங்க வீட்டு ஃபேனையே அவதான் கழட்டி மாட்டுவா."

பட்டறைக்கு வருவதற்கு முன்னால் நான் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். பூதக்கண்ணாடியின் கீழே குனிந்து சின்னச் சின்ன ஸ்விட்சுகளுக்கு ஈயம் வைக்கும் வேலை. தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறியபோது எங்களுக்குச் சாப்பாடு போட்டு, கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். சேகருக்கு இன்ஜின் நன்றாக வரும். வயரைக் கண்டால் மட்டும் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்கிப் போவார். அதனால் பட்டறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். எண்ணெய் சொட்டுவதெல்லாம் அவருக்கு, தீப்பொறி பறப்பதெல்லாம் எனக்கு. வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

நாளடைவில் பழைய மோட்டாரின் சாவி ஸ்விட்ச் என்றால் என்னிடம் கொண்டு வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளை மோட்டார் என்றுதான் சொல்வோம், காரைக் காடி என்போம். இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல சொக்கலிங்கம் அண்ணனின் மோட்டாரை விட்டால் எனக்கு வேறு மோட்டார் இல்லை.

2. ரப்பர் பேண்ட் போட்ட சாவி

சொக்கலிங்கம் அண்ணன் ஜெலுத்தோங்கில் இருப்பவர். இன்சூரன்ஸ் விற்பவர். யாருக்கு எப்போது என்ன ஆபத்து வரும் என்று அழகாக எடுத்துச் சொல்வார். கேட்டால் உடனே கையெழுத்துப் போடத் தோன்றும். அவருடைய மோட்டார் மட்டும் எந்த நிமிடம் நிற்கும் என்று அவருக்கே தெரியாது.

அது எழுபதுகளில் வந்த ஜப்பான் மோட்டார். இரண்டு சிலிண்டர். மீட்டருக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி சாவித் துவாரம். அவர் அதைத் தள்ளிக்கொண்டுதான் பட்டறைக்குள் வந்தார். சாவியில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, அதன் மறுமுனையை ஹேண்டில் பாரில் இழுத்துக் கட்டியிருந்தார்.

"இது என்னண்ணே?"

"சாவிய ஓன் பண்ணிட்டு கொஞ்சம் வலது பக்கம் சாய்ச்சு வச்சாத்தான் கரண்டு வருது. கையால பிடிச்சுக்கிட்டே ஓட்ட முடியாதுல்ல? அதான்."

"நல்ல கண்டுபிடிப்பு. சாவியில தொங்குற இது?"

அதே வளையத்தில் வீட்டுச் சாவி, கேட் சாவி, அலமாரிச் சாவி, அலுவலகச் சாவி, உள்ளங்கை நீளத்தில் ஒரு பித்தளை வேல். முருகன் கையில் இருக்கவேண்டிய அளவுக்குக் கனம். மேடு பள்ளத்தில் மோட்டார் குதிக்கும்போதெல்லாம் அந்தக் கனம் முழுவதும் சாவியைப் பிடித்து ஆட்டும். ஸ்விட்சின் உள்ளே இருக்கும் பேரல் தேய்வதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

வழக்கமாக என்னோடு வாயாடுகிறவர் அன்றைக்கு அமைதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேகலா, நம்ம பொண்ணு உமாவுக்குக் கல்யாணம். அடுத்த மாசம்."

"கார்டு வந்துச்சுண்ணே. சந்தோசம்."

"அவ ஒரே பிடிவாதமா இருக்கா. மண்டபத்துக்கு இந்த மோட்டார்லதான் வருவாளாம். எனக்குப் பின்னால உக்காந்து. பள்ளிக்கூடத்துக்கு, டியூசனுக்கு, மொதோ வேலைக்கு, எல்லாத்துக்கும் இதுல கொண்டு போய் விட்டீங்க, கடைசியா இதுக்கும் நீங்களே கொண்டு போய் விடுங்கப்பாங்கிறா." குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் என்ன சொல்லுவேன்? எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"அவளா? காடிய புக் பண்ணி வச்சிட்டா. மோட்டார் ஒரு தடவ மக்கர் பண்ணாக்கூட புள்ளய எறக்கிக் காடியில ஏத்திருவேன், மறுநாளே பெசி பூரோக்காரன வரச்சொல்லி இதத் தூக்கிக் குடுத்துருவேன்னு சொல்லிட்டா. சொன்னா செய்வா லா."

பெசி பூரோ என்றால் பழைய இரும்பு. அண்ணனின் மனைவி வள்ளியம்மை அக்காவை எனக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மோட்டார் நடுரோட்டில் நின்று, பட்டுப் புடவையோடு அவரைத் தள்ள வைத்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் அதில் ஏறியதில்லை, தொட்டதும் இல்லை. அதைப் பெயர் சொல்லியும் பேச மாட்டார். "ஒங்க அது" என்பார்.

"ஓட வச்சிரலாம்ணே. விட்டுட்டுப் போங்க."

3. உள்ளே இருந்த குழம்பு

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஏனென்றால் எல்லோருக்கும் இது தெரியும், ஒருவரும் செய்வதில்லை. பிறகு ஸ்விட்சின் அடியில் இருக்கும் பிளக்கை உருவி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஸ்விட்ச் கைக்கு வந்துவிடும்.

அதன் பின்பக்க மூடியைச் சின்ன மடிப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக மெதுவாக நிமிர்த்த வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குட்டி இரும்புக் குண்டும் இந்த நாளுக்காகவே காத்திருக்கும். மூடி திறந்த மறுகணம் இரண்டும் பறந்துவிடும். ஆகவே ஸ்விட்சை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பையோடு சேர்த்துத் திறப்பேன். சேகர் ஒருமுறை பை இல்லாமல் திறந்து பார்த்தார். அந்தக் குண்டை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கான்டாக்ட் என்று சொல்லும் செம்புப் புள்ளிகள் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தன. கடற்காற்று அடிக்கும் ஊரில் இது சாதாரணம். மணல்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கே திரும்பவும் கறுக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரே போதும். அதைக் கொண்டு தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்தேன். செம்பு பளிச்சென்று வந்துவிட்டது.

பேரலில்தான் சங்கதி இருந்தது. சாவி நுழையும் அந்தப் பாகத்திலிருந்து ஒரு வஸ்து வெளியே வந்தது. மஞ்சளும் பழுப்புமாக, நடுவில் சிவப்புக் கோடுகளோடு, பிசுபிசுவென்று. கிரீஸ் இந்த நிறத்தில் இருக்காது. துரு இப்படி ஒட்டாது. முகர்ந்து பார்த்தேன். கோயில் வாசனை அடித்தது.

அண்ணனுக்கு உடனே போன் போட்டேன்.

"அண்ணே, உங்க சாவித் துவாரத்துல என்ன ஊத்துனீங்க?"

"டைட்டா இருக்கேன்னு அப்பப்ப ரெண்டு சொட்டுத் தேங்கா எண்ணெய் விடுவேன். ஏன், விடக்கூடாதா?"

"எண்ணெய் புரியுது. சந்தனம்?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பேன்லா. எல்லாரும்தான வைக்கிறாங்க."

"எல்லாரும் மட்காட்ல வைக்கிறாங்கண்ணே. நீங்க சாவித் துவாரத்துக்குள்ள வச்சிருக்கீங்க."

"அங்கதான மோட்டாருக்கு உசிரு இருக்கு? வேற எங்க வைக்கிறதாம்?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு கரண்டு ஓடாது. வருடா வருடம் வைத்த சந்தனமும் குங்குமமும் விபூதியும் தேங்காய் எண்ணெயில் ஊறி, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, உள்ளே ஒரு குழம்பே வைத்திருந்தன. எண்ணெய்க்குத் தூசியைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. சாவித் துவாரத்துக்கு எண்ணெயே ஆகாது.

பேரலைக் கழுவிக் காயவைத்து, கிராஃபைட் தூளை ஊதினேன். பென்சிலின் நடுவில் இருக்கிறதே, அந்தக் கறுப்புச் சமாச்சாரம்தான். காய்ந்த தூள் என்பதால் தூசி ஒட்டாது, சாவி வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் தூள் கான்டாக்ட் பக்கம் மட்டும் போய்விடக் கூடாது, அது கரண்டைக் கடத்தும். கான்டாக்டுக்கு அதற்கென்றே உள்ள கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். ரொட்டிக்கு நெய் தடவுகிற மாதிரி தாராளமாகத் தடவ வேண்டாம்.

மூடியை மாட்டி, மல்டிமீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பினேன். ஒழுங்காக பீப் அடித்தது. சாவியை எந்தப் பக்கம் ஆட்டினாலும் அது நிற்கவில்லை.

அண்ணன் வந்தபோது ரப்பர் பேண்டையும் அந்தப் பித்தளை வேலையும் தனியே கையில் கொடுத்தேன். "இனிமே சாவி தனியா இருக்கணும். எண்ணெய் கூடாது. பொட்டு கூடவே கூடாது."

"சத்தியமா வைக்கமாட்டேன்" என்று தலையில் கைவைத்துச் சொன்னார். கல்யாணம் வரை தினமும் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தால் போன் வந்திருக்கும். நிற்காததற்கும் தினமும் போன் வந்தது.

4. ஹெல்மெட் போட்ட மணப்பெண்

கல்யாணத்தன்று காலை நானும் சேகரும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனோம். மோட்டார் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. மண்டபம் தண்ணீர்மலைப் பக்கம். நான் ஊதா நிறப் பட்டு உடுத்தியிருந்தேன். கருவி ஒன்றும் எடுக்கவில்லை. "கான்டாக்ட் கிளீனர் எடுத்து வச்சுக்கவா?" என்று சேகர் கேட்டதற்கு, "கல்யாணத்துக்குப் போறமா, பட்டறைக்குப் போறமா?" என்று நானே அதட்டியிருந்தேன்.

வாசலில் மோட்டார் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக இருந்தார். உமா அரக்குப் பட்டில் வந்து பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். அலங்காரம் செய்ய வந்த பெண் லதா அழாத குறையாக நின்றாள். மூன்று மணி நேரம் பாடுபட்டுப் போட்ட கொண்டையின் மேல் ஹெல்மெட் ஏறப்போகிறது. "பூவ மண்டபத்துல வச்சுக்கலாம்கா, கொண்டைய மட்டும் காப்பாத்துங்க" என்று உமாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பின்னால் காடி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். வள்ளியம்மை அக்கா ஆரத்தித் தட்டோடு அதன் பக்கத்தில் நின்றார்.

அண்ணன் சாவியை நுழைத்தார். பாதிதான் போனது. அழுத்தினார். இன்னும் கொஞ்சம் போனது. திருப்பினார். திரும்பவில்லை.

என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நாதஸ்வரக்காரர் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்ல?" என்றார் அக்கா. "உமா, எறங்கு. காடியில ஏறு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

"நான் எறங்கமாட்டேன்மா." உமா சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கும்மா" என்றார் அண்ணன். மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்பா காடியில கூட வர்றேன். போதும் லா. ஆசப்பட்டதே போதும்."

ஓடிப் போய்க் குனிந்து பார்த்தேன். துவாரத்தின் வாயில் ஈரம் காயாத சந்தனம், நடுவில் குங்குமம். சாவி அதை அப்படியே உள்ளே தள்ளியிருந்தது.

"அண்ணே! சத்தியம் பண்ணீங்களே!"

"நான் வைக்கல மேகலா! முருகன் மேல ஆணையா நான் வைக்கல!"

சண்டை போட நேரமில்லை. பொட்டு இப்போதுதான் வைக்கப்பட்டிருக்கிறது, பேரலைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. தேவை கரைக்க ஒரு திரவம், நுழைக்க ஒரு பிரஷ். சுற்றிலும் பார்த்தேன். லதாவின் அலங்காரப் பெட்டி திறந்திருந்தது.

"லதா, பிரஷ் கழுவ என்ன வச்சிருக்கீங்க?"

"ஸ்பிரிட்டுக்கா. ஸ்ப்ரே பாட்டில்ல இருக்கு."

"குடுங்க. கண்ணுக்கு மை தீட்டுற பிரஷ்ல ஆக மெல்லிசா ஒண்ணு குடுங்க. காது குடையுற பஞ்சும் குடுங்க. அக்கா, நீங்க கற்பூரத் தட்டத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. இது தீப்பிடிக்கும்."

அக்கா மறுபேச்சு பேசாமல் நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். சேகர் பேட்டரி வயரைக் கழற்றினார். வயரைத் தொட்ட பெருமையை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பிரிட்டை அடித்தேன், பிரஷை விட்டுக் குடைந்தேன், பஞ்சால் ஒற்றினேன். மஞ்சளாக வந்தது. திரும்ப அடித்தேன், இளமஞ்சளாக வந்தது. சாவியைத் துடைத்துத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தேன். கடைசியில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கொண்டை காயவைக்கும் டிரையரை லதாவே ஓடிப் போய் எடுத்து வந்து காற்றைப் பிடித்தாள்.

"பென்சில் வேணும்."

லதா புருவம் தீட்டும் பென்சிலை நீட்டினாள்.

"அது மெழுகும்மா. எழுதுற பென்சில்!"

சமையல்காரரின் காதில் ஒன்று செருகியிருந்தது. அதைப் பிடுங்கிச் சாவியின் இரண்டு பக்கமும் கறுப்பாகும் வரை தேய்த்து, அண்ணன் கையில் கொடுத்தேன். சேகர் வயரை மாட்டினார்.

சாவி முழுவதும் உள்ளே போனது. திரும்பியது. மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. உமா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே ஒரு கணம் நின்றது.

அப்போதுதான் காடிப் பக்கமிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"நான்தான் வச்சேன்."

எல்லோரும் திரும்பினோம்.

"எம் புள்ள ஏறிப் போற வண்டி. நல்ல காரியத்துக்குப் போறது. பொட்டில்லாம அனுப்ப மனசு வரல."

"ஏன்கா துவாரத்துல வச்சீங்க?" என்றேன்.

"இவரு வருசா வருசம் அங்கதான வைப்பாரு? ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கேன்."

இத்தனை வருடம் திரும்பியே பார்க்காத மோட்டாரை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அண்ணனுக்கு வாழ்நாள் முழுவதும் குத்திக்காட்ட ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயும் ஏறிக்கிறியா வள்ளி?" என்று கேட்டார்.

"மூணு பேரா? போலிஸ் பிடிப்பான். போங்க, நேரமாச்சு" என்றார் அக்கா. கற்பூரம் அணைந்துபோன தட்டையே மோட்டாருக்கு மூன்று தரம் சுற்றினார்.

அவர்கள் போனார்கள். வழியில் எங்கும் நிற்கவில்லை. கொண்டையும் பிழைத்தது. என் ஊதாப் பட்டில் விழுந்த சந்தனக் கறைதான் இன்னும் போகவில்லை. நானும் அதைப் போக்க அவ்வளவாக முயற்சி செய்யவில்லை.

5. காய்ந்த விரல்

நான் அண்ணனுக்கு, "வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். எங்கே வைக்கலாம் என்று சொல்லவில்லை. நம் ஆட்களிடம் பொட்டு வைக்காதே என்று சொல்லி ஒரு மோட்டாரை அனுப்பினால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் வைத்தே தீருவார்கள். ஆசையை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். தொழிற்சாலையில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆகவே இப்போது எந்தப் பழைய மோட்டாரின் ஸ்விட்சைச் சுத்தம் செய்தாலும், கொடுப்பதற்கு முன் ஹெட்லைட் வளையத்தின் உச்சியில் நானே ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். "இதுதான் நெத்தி. அந்தச் சாவித் துவாரம் தொண்டை. தொண்டையில ஒண்ணும் போடாதீங்க" என்பேன். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறார்கள். சந்தனக் குழம்போடு அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை. தொழிலுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

உமா இப்போது கெப்பாலா பத்தாஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்க அண்ணன் மோட்டாரில் போகிறார். பின்னால் வள்ளியம்மை அக்கா, தனக்கென்று வாங்கிய சிவப்பு ஹெல்மெட்டில். இன்னமும் அதை "ஒங்க அது" என்றுதான் சொல்கிறார். சொல்லும் குரல் மாறியிருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு இருவரும் மோட்டாரைப் பட்டறைக்கே கொண்டு வந்தார்கள். பொட்டு என் கண் முன்னால்தான் வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாராம். நான் காட்டிய இடத்தில், ஹெட்லைட்டின் உச்சியில், சந்தனமும் குங்குமமும் அக்காவே அழகாக வைத்தார். கையைத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் நன்றாகத் துடைத்தார். பிறகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சாவித் துவாரத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்துவிட்டது தெரிந்ததும் விரலை என் முன்னால் நீட்டினார்.

"கத்தாத. காஞ்ச விரலுதான்."